அயல்நாட்டுப் பயணப் பணமும் அதன் கட்டணமும்

அயல்நாடு செல்வோர் தம் பணத்தை அந்நாட்டு நாணயமாக மாற்றும்போது அதற்கொரு கூலி கொடுக்கிறார்கள். கடன் மடல் இருந்த காலம் முதல் இன்றைய வங்கி அட்டை வரை அந்தக் கூலி இல்லாமல் போனதில்லை. அது வாங்கப்படும் இடம்தான் மாறி வந்திருக்கிறது.

கடன் மடல் என்பது, இன்னாருக்கு இவ்வளவு பணம் தரலாம் என்று ஒரு வங்கி வேறு ஊர் வங்கிக்கு எழுதித் தரும் கடிதம். குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட வங்கியில் மட்டுமே அது செல்லும். 1772 இல் லண்டனில் ராபர்ட் ஹெரிஸ் தொடங்கிய நிறுவனம், ஐரோப்பாவின் 90 நகரங்களில் மாற்றத்தக்க சுற்றுச் சீட்டுகளை வெளியிட்டது. பயணி பணம் கட்டிய நாளுக்கும் சீட்டு மாற்றப்பட்டு லண்டன் திரும்பும் நாளுக்கும் இடையே அப்பணம் வங்கியின் கையிலேயே இருக்கும். அதை வட்டிக்கு விடுவதே வங்கியின் முதன்மை ஆதாயம். பயணியின் கண்ணுக்குத் தெரியாத முதல் கட்டணம் இதுவெனலாம். 1874 இல் தாமஸ் குக் நிறுவனமும் இத்தகைய சீட்டை வெளியிட்டது.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத் தலைவர் ஜே. சி. பார்கோ ஐரோப்பாவில் பயணம் செய்தபோது, பெருநகரங்களைத் தாண்டியதும் அவருடைய கடன் மடலுக்குப் பணம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியதும் மாற்று வழி காணும் பொறுப்பைத் தம் ஊழியர் மார்செலஸ் பெர்ரியிடம் ஒப்படைத்தார். 1891 இல் பயணக் காசோலை பிறந்தது. வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது இன்னொரு கையொப்பம். இரண்டும் ஒத்திருந்தால் பணம். எளிய ஏற்பாடுதான், ஆனால் திருடனுக்கு அது பயன்படாது. இந்த டாலருக்கு இத்தனை பவுண்டு, இத்தனை பிராங்க், இத்தனை மார்க் என்று காசோலையின் முகத்திலேயே அச்சிட்டிருந்தார்கள் என்பது இன்று வியப்பளிக்கும். நாணயங்கள் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்த காலமாதலால் அப்படி உறுதி சொல்ல முடிந்தது. தனக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பயணி புறப்படும் முன்பே படித்துவிடலாம்.

1950 இல் டைனர்ஸ் கிளப் அட்டையும், 1958 இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பேங்க்அமெரிகார்டும் வந்தன. பின்னது 1976 இல் விசா எனப் பெயர் மாறியது. இதற்கிடையில் 1971 இல் டாலர் தங்கத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 1973 முதல் முக்கிய நாணயங்களின் மதிப்பு நாளுக்கு நாள் மாறத் தொடங்கியது. கடையில் அட்டையைக் கொடுப்பவருக்கு எந்த விகிதத்தில் கணக்கு வரும் என்பது அப்போது தெரியாது. மாதப் பட்டியல் வந்த பிறகே தெரியும். கட்டணம் அந்த விகிதத்துக்குள் கலந்துவிட்டது. இதை மறைத்து வாங்கினார்கள் என்று அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கில், விசா, மாஸ்டர்கார்டு மற்றும் சில வங்கிகள் குற்றத்தை ஏற்காமலே 33.6 கோடி டாலர் தர 2006 இல் உடன்பட்டன.

கட்டணம் வெளிப்படையானதும் இன்னொரு வாசல் திறந்தது. பாரிசில் உள்ள கடைக் கருவி, "யூரோவிலா, ரூபாயிலா?" என்று கேட்கும். பழகிய ரூபாயை அழுத்துபவருக்குக் கடைக்காரரின் சேவை நிறுவனம் வைக்கும் விகிதமே கிடைக்கும். அது பெரும்பாலும் அட்டை நிறுவனத்தின் விகிதத்தைவிட மோசமானது. இந்த மாற்றத்தில் எவ்வளவு கூடுதலாக வாங்கப்படுகிறது என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் சட்டம் செய்தது. அந்நாட்டு நாணயத்தையே தேர்வது நல்லது.

இந்திய அட்டைகள் பலவற்றில் அயல்நாட்டுச் செலவுக்கு 3.5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் உண்டு. ரூ.50,000 செலவுக்கு அது ரூ.1,750, அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி ரூ.315. ஆண்டுக் கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து அட்டை வாங்குபவர் கவனிக்காமல் விடுவது இந்த ரூ.2,065 ஐத்தான். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம். கடன் அட்டையில் எடுத்தால் அன்றே வட்டியும் தொடங்கிவிடும்.

முன்கூட்டியே டாலரோ யூரோவோ நிரப்பிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு ஒரு வகையில் 1891 இன் காசோலையைப் போன்றது. நிரப்பிய நாளின் விகிதமே நிலைக்கும். ஆனால் யூரோ நிரப்பிய கார்டை லண்டனில் தேய்த்தால் மறுபடியும் மாற்றுக் கட்டணம் விழும். மிச்சப் பணத்தை ஊர் திரும்பி ரூபாயாக்கும்போது வங்கி தருவது அது விற்ற விலை அன்று, வாங்கும் விலை.