கவ்வியா, கம்பிச்சுருளா?



மூளை நாடியின் சுவரில் பலவீனமான ஓரிடம் பலூன் போல ஊதிக்கொள்வதை 'அனியூறிசம்' என்பார்கள். அது வெடித்தால், வாழ்நாளில் கண்டிராத தலையிடி நொடிப்பொழுதில் வரும். உயிரோடு வைத்தியசாலை சேர்ந்தவருக்கும் அதே இடம் மீண்டும் வெடிக்கலாம். ஆகவே அதை அடைத்தாக வேண்டும். அப்போது குடும்பத்திடம் சம்மதப் படிவம் ஒன்று நீட்டப்படும். எங்கள் பல வீடுகளில் அதை வாசித்து மொழிபெயர்ப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான். அடைப்பதற்கு உள்ள இரண்டு வழிகளின் கதை இது.

முதல் வழி கவ்வி. 1937இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வோல்ற்றர் டண்டி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மண்டையோட்டைத் திறந்து, வீக்கத்தின் கழுத்தில் சிறிய வெள்ளிக் கவ்வியைப் பூட்டினார். 1960களில் நுணுக்குக்காட்டி துணைக்கு வந்தபின் இம்முறை மேலும் பாதுகாப்பானது.

இரண்டாவது வழி கம்பிச்சுருள். இத்தாலியரான குயிடோ குலியெல்மி, லொஸ் ஏஞ்சல்ஸில் பணியாற்றியபோது 1990இல் இதை முதன்முதலாக நோயாளியிடம் பயன்படுத்தினார். தொடை நாடி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, பிளாற்றினம் சுருளை வீக்கத்துக்குள் நிரப்பி, சிறு மின்னோட்டத்தால் அதைக் கழற்றிவிடுவார்கள். உள்ளே இரத்தம் உறைந்து வீக்கம் அடைபடும். தலையைத் திறக்கத் தேவையில்லை.

எது மேல்? இதை விவாதம் தீர்க்கவில்லை, கணக்குத்தான் தீர்த்தது. ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த மொலினியூ, கேர் ஆகியோரின் தலைமையில் 1994இல் தொடங்கிய பெரிய ஆய்வில் 2143 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். முடிவு 2002இல் 'லான்செற்' இதழில் வந்தது. ஓராண்டில் இறந்தோர் அல்லது பிறர் உதவியில் வாழ்வோர், சுருள் பிரிவில் 23.7 வீதம், கவ்விப் பிரிவில் 30.6 வீதம். நூறு பேரில் ஏழு பேர் வித்தியாசம்! இதனால் புதிதாக நோயாளிகளைச் சேர்ப்பதையே இடையில் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் கணக்காளர்களாகிய நாங்கள் ஐந்தொகையை அடிக்குறிப்போடு சேர்த்துத்தான் வாசிப்போம். பரிசீலிக்கப்பட்டவர்கள் 9559 பேர். இரு முறையும் பொருந்தும், எது நல்லது என்று வைத்தியர்களுக்கே நிச்சயமில்லை என்றவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். மற்றவர்களுக்கு அந்த ஏழு பேர் கணக்குப் பொருந்தாது. வீக்கம் இருக்கும் இடம், அதன் வடிவம், உள்ளே தேங்கிய இரத்தம் ஆகியவற்றைப் பொறுத்துக் கவ்வியே சிறந்ததாகவும் இருக்கலாம். சுருள் வைத்த இடத்தில் பின்னாளில் இரத்தம் கசிவதும் சற்றுக் கூடுதல். ஆயினும் 2015இல் வெளிவந்த நீண்டகாலக் கணக்கிலும், பத்தாண்டின்பின் பிறர் உதவியின்றி வாழ்ந்தோர் சுருள் பிரிவிலேயே அதிகம்.

ஆகவே படிவம் கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இரண்டு முறையும் இவருக்குப் பொருந்துமா? ஏன் இதைத் தெரிவு செய்கிறீர்கள்? பிறகு எத்தனை தடவை படம் எடுத்துப் பார்ப்பீர்கள்? இவற்றைக் கேட்கப் பிள்ளையை அனுப்பாமல், மொழிபெயர்ப்பாளரைத் தரச்சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இடி விழுந்தாற்போல் தலையிடி வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். உடனே அம்புலன்சை அழையுங்கள்.