விற்பனை ஆவணப் பெயர்களும் விற்கும் உரிமையும்

வீடு விற்கப்படும்போது எழுதப்பெறும் ஆவணத்திற்கு இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்கள் ஒரே நோக்கில் அமைந்தவை அல்ல. வடமொழியில் 'கிரயம்' வாங்குதலையும் 'விக்கிரயம்' விற்றலையும் குறிக்கும். எழுதிக் கொடுப்பவர் விற்பவரே எனினும், தமிழ்க் 'கிரயப் பத்திரம்' வாங்குதலைச் சுட்டும் சொல்லையே ஏற்றுள்ளது. மராத்தியின் 'கரேதிகத்' என்பதும் வாங்குதலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்ததே. இந்தி, உருது வழக்கிலுள்ள 'பைநாமா' விற்றலைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு பாரசீக 'நாமா' சேர்ந்தது. மலையாளத்தின் 'தீறாதாரம்' முடிவான கைமாற்றத்தை உணர்த்துகிறது. 1837ஆம் ஆண்டுச் சட்டத்தையடுத்துப் பாரசீகம் நீதிமன்ற மொழி என்னும் நிலையை இழந்த பின்னரும் அதன் ஆவணச் சொற்கள் மறையவில்லை.

பெயர்கள் பலவாயினும் சட்ட வரையறை ஒன்றே. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, விலைக்கு ஈடாக உடைமையுரிமையை மாற்றுவதே விற்பனை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வாயிலாகவே விற்க இயலும். விற்பதற்கான ஒப்பந்தம் தன்னளவில் அச்சொத்தில் எவ்வுரிமையையும் தோற்றுவிப்பதில்லை. பொது அதிகாரப் பத்திரத்தின் வழி நிகழும் 'விற்பனை'யும் உரிமை மாற்றமாகாது என உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது.

மொழிபெயர்ப்பாளர் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. 'கிரய ஒப்பந்தம்', 'கிரயப் பத்திரம்' ஆகிய இரண்டும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. இரண்டையும் 'விற்பனை ஆவணம்' என்று பெயர்த்தால், முன்பணம் மட்டுமே தந்தவர் ஏட்டளவில் வீட்டுக்கு உரிமையாளராகிவிடுவார். முன்னது வாக்குறுதி; பின்னதே உரிமை மாற்றம். இவ்வேறுபாட்டைக் காப்பது சொல்நயம் பற்றியதன்று. ஒருவரது குடியிருப்பைப் பற்றியது.