வாழைத்தாருடன் வந்த பயணிகள்: கரீபியன் குளிர்கால விடுமுறை உருவான வரலாறு

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிக்காலம் நெருங்கும்போது, வசதியுள்ள குடும்பங்கள் கரீபியன் கடலை நோக்கி விடுமுறைப் பயணம் திட்டமிடுவது இன்று ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை நீளும் ‘சீசன்’, மயாமித் துறைமுகத்தில் தொடங்கிப் பெரும்பாலும் ஏழு இரவுகளில் முடியும் உல்லாசக் கப்பல் பயணம், இடையே சில மணி நேரம் மட்டும் இறங்கிப் பார்க்கும் தீவுகள் என அந்தத் திட்டத்தின் கூறுகள் யாவும் எப்போதும் இப்படியே இருந்தவை போலத் தோன்றுகின்றன. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்ப்பது இயற்கை விதித்த வரம்பு. ஆனால் எந்தத் துறைமுகத்துக்கு எவர் எந்தக் கப்பலில் எத்தனை நாளைக்குப் போவது என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானித்தது, ஆளும் சரக்கும் இல்லாமல் ஓடும் கப்பலால் நேரும் நட்டத்தை ஈடுகட்ட முனைந்த கப்பல் முதலாளிகளின் கணக்கே ஆகும். இந்த உண்மை ஜமைக்காத் தீவின் வரலாற்றில் துலக்கமாகத் தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்பத்துக்காக ஜமைக்கா செல்வது என்ற எண்ணமே ஆங்கிலேயருக்கு அச்சமூட்டியிருக்கும். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் அங்கே ஆண்டு முழுவதும் உலவின. மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் படைவீரர்களுள் போரில் மாண்டவர்களைவிடக் காய்ச்சலில் மாண்டவர்களே மிகுதி. தீவின் செல்வம் கரும்பிலிருந்தும், அக்கரும்பு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பிலிருந்தும் வந்தது. 1838இல் அடிமைகள் முழு விடுதலை பெற்ற பின்னரும், 1846இல் தன் குடியேற்ற நாடுகளின் சர்க்கரைக்குத் தந்துவந்த சுங்கச் சலுகையைப் பிரிட்டன் படிப்படியாக விலக்கத் தொடங்கிய பின்னரும், தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தன. ஆள் பற்றாக்குறையை நிரப்ப 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் வேலை செய்யக் கட்டுப்பட்டவர்களாக, அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து சென்றாலும், தொடக்க ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. கரும்பு வீழ்ந்தபின் இவர்களுள் பலரின் கைகளுக்கு வந்து சேர்ந்த வேலை வாழைத்தோட்ட வேலை.

வாழையை ஜமைக்காவின் ஏற்றுமதிப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெல்ஃப்லீட் ஊரைச் சேர்ந்த கப்பல் தலைவர் லொரென்ஸோ டௌ பேக்கர். 1870இல் தங்கச் சுரங்கத்துக்குச் செல்வோரை வெனிசுவேலாவின் ஓரினோக்கோ ஆற்றில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவர் ஜமைக்காவில் தங்கி, தம் பாய்மரக் கப்பலான ‘டெலிகிராஃப்’பில் நூற்றறுபது வாழைத்தார்களை ஏற்றிச் சென்று, அவற்றை நியூயார்க்குக்கு எதிரேயுள்ள ஜெர்சி சிட்டியில் நல்ல ஆதாயத்துக்கு விற்றார். வெறுங்கப்பலாகத் திரும்ப மனமில்லாத ஒருவரின் இந்தச் சிறு வணிகமே பின்னாளில் ஒரு தீவின் பொருளாதாரத்தைத் திருப்பிப்போட்டது. அவரும் ஆண்ட்ரூ பிரெஸ்டனும் வேறு சிலரும் சேர்ந்து 1885இல் பாஸ்டன் பழக் கம்பெனியைத் தொடங்கினர். அது 1899இல் மத்திய அமெரிக்காவில் ரயில் பாதைகளும் தோட்டங்களும் வைத்திருந்த மைனர் கீத்தின் தொழிலுடன் இணைந்து யுனைடெட் பழக் கம்பெனி ஆயிற்று.

வாழை வணிகம் நேரத்தோடு நடத்தும் போராட்டம். தாரைப் பழுக்கும் முன்பே, முக்கால் விளைச்சலில், பச்சையாக வெட்ட வேண்டும். ஒரு காய் பழுத்துவிட்டால் அதிலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்னும் வாயு அருகிலுள்ள தார்களையும் பழுக்க வைத்துவிடும். சரக்கறையின் வெப்பம் கூடினாலும் கெடுதி, ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே இறங்கினாலும் தோல் கறுத்துவிடும். ஆகவே கப்பல் குறித்த நாளில் வந்து, ஓரிரவுக்குள் நிறைந்து, தாமதமின்றிப் புறப்பட்டாக வேண்டும். பாய்மரக் கப்பல்கள் நீராவிக் கப்பல்களுக்கு வழிவிட்டதற்கும், கால அட்டவணை பிறழாத பழக்கப்பல் போக்குவரத்து இக்கடலில் நிலைபெற்றதற்கும் வாழையே பெருங்காரணம். அந்த ஒழுங்குதான் பயணிகளுக்கும் பயன்பட்டது. வடக்கு நோக்கித் தார்களால் நிறைந்து செல்லும் கப்பல், தெற்கு நோக்கி வரும்போது கிட்டத்தட்டக் காலி. கீழ்த்தளத்தில் ஏற்றச் சரக்கில்லாவிட்டாலும் மேல்தளத்தில் சில அறைகளைக் கட்டிப் பயணிகளை அமர்த்தினால், எப்படியும் ஆகப்போகும் நிலக்கரிச் செலவில் ஒரு பங்கு திரும்பி வரும். அப்படி வருபவர்கள் தங்குவதற்காகப் பேக்கர், தம் வணிகத்தின் தலைமையிடமான போர்ட் அன்டோனியோவில், இரண்டு துறைமுகங்களுக்கு இடையே நீண்டு நிற்கும் மேட்டின் மேல் டிட்ச்ஃபீல்ட் விடுதியை எழுப்பினார். கப்பலும் தோட்டமும் விடுதியும் ஒரே கையில் இருந்த இந்த ஏற்பாடு, பின்வந்த எல்லாவற்றுக்கும் முன்மாதிரி.

தீவின் அரசும் சும்மா இருக்கவில்லை. ஆளுநர் ஹென்றி பிளேக்கின் காலத்தில், 1890இல், விடுதிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. விடுதி கட்டும் கம்பெனிகளின் கடனுக்கும் வட்டிக்கும் அரசே பொறுப்பேற்றது. கிங்ஸ்டனில் மர்ட்டில் பேங்க், நகருக்கு வெளியே கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் ஆகிய பெருவிடுதிகள் இந்தக் காலத்தின் அடையாளங்கள். 1891 ஜனவரி 27 அன்று, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசர் ஜார்ஜ், கிங்ஸ்டனில் ஜமைக்காப் பன்னாட்டுக் கண்காட்சியைத் திறந்துவைத்தார். கண்காட்சிக்கு வந்தோர் மூன்று லட்சத்துக்கும் மேல். ஆனால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீவின் மக்களே. வெளிநாட்டார் எதிர்பார்த்த அளவுக்கு வராததால் விடுதிகள் தள்ளாடின, பொறுப்பேற்றிருந்த அரசின் கருவூலமே அந்தச் சுமையைத் தாங்க நேர்ந்தது. சுற்றுலாவை நம்பிப் பொதுப்பணம் செலவிடப்பட்ட மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று என்பதால், இத்தோல்வி வரலாற்றாசிரியர்களின் கூடுதல் கவனத்துக்குரியது.

அதே ஜனவரியில், அக்கண்காட்சி திறக்கப்படுவதற்கு ஐந்து நாட்கள் முன்பு, ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் துறையிலிருந்து ‘அகுஸ்டா விக்டோரியா’ என்னும் கப்பல் 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. அது ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியின் கப்பல். பயணத்தைத் திட்டமிட்டவர் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கடலின் கொந்தளிப்புக்கு அஞ்சிப் பயணிகள் குறைந்துவிடுவதால், விரைவுக் கப்பல்கள் துறையில் கட்டிக் கிடந்து நட்டம் தருவதைக் கண்ட அவர், அவற்றை வெயிலுள்ள கடல்களுக்குத் திருப்பினார். போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று இல்லாமல், புறப்பட்ட துறைக்கே திரும்பிவரும் இன்பப் பயணம் ஒரு தனித் தொழிலாக வளர இது வழிவகுத்தது. பாலினின் ஜெர்மானியப் பயணிக் கப்பலும் பேக்கரின் பழக்கப்பலும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைக் கண்டன.

காய்ச்சல் பற்றிய அச்சம் நீங்காதவரை இந்த முயற்சிகள் ஓரளவுக்கு மேல் வளர்ந்திருக்க முடியாது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இலேயே கூறியிருந்தார். மலேரியாவைக் கொசுவுடன் இணைக்கும் சான்றை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். வால்டர் ரீடின் குழு 1900இல் ஃபின்லேயின் கூற்றை உறுதிப்படுத்தியது. தேங்கிய நீரை அகற்றியும் வடித்தும் ஹவானா நகரம் ஓராண்டுக்குள் மஞ்சள் காய்ச்சலிலிருந்து விடுபட்டதும், வெப்ப நாட்டுக் காற்றே நஞ்சு என்ற பழைய நம்பிக்கை தளர்ந்தது. அதுவரை நோயின் இருப்பிடமாகக் கருதப்பட்ட தீவுகள் உடல்நலம் தேடிச் செல்லும் இடங்களாக விளம்பரம் பெறத் தொடங்கின.

பிரிட்டனும் போட்டியில் இறங்கியது. குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஜோசப் சேம்பர்லெயினின் ஆதரவாலும் ஆண்டுக்கு 40,000 பவுண்டு மானியத்தாலும், ஆல்பிரட் ஜோன்ஸ் 1901இல் பிரிஸ்டலை அடுத்த ஏவன்மௌத்துக்கும் ஜமைக்காவுக்கும் இடையே நேரடித் தபால் கப்பல் சேவையைத் தொடங்கினார். அக்கப்பல்களும் வாழையையும் பயணிகளையும் சேர்த்தே சுமந்தன. அமெரிக்கத் தரப்பிலோ யுனைடெட் பழக் கம்பெனி 1904 வாக்கில் குளிரூட்டப்பட்ட சரக்கறைகள் கொண்ட கப்பல்களை அமர்த்தி, வெயிலின் சூடு பழத்தை எட்டாதிருக்க அவற்றுக்கு வெள்ளை வண்ணம் பூசியது. பழத்துக்காகப் பூசிய அந்த வெள்ளை, ‘பெரும் வெண்கப்பற்படை’ என்ற பெயரில் பயணிகளைக் கவரும் விளம்பரமாயிற்று. ஹவானா, கிங்ஸ்டன், பனாமாக் கால்வாய்க் கரை, கோஸ்டாரிக்காவின் லிமோன் என்று அவை தொட்ட துறைகள் யாவும் முதன்மையாகப் பழத்துக்காகவும் சரக்குக்காகவும் தெரிவு செய்யப்பட்டவை.

கப்பலில் தார் ஏறும் இரவு, பயணிகளுக்கு ஒரு காட்சிப் பொருளாயிற்று என்பதை அக்காலப் புகைப்பட அஞ்சலட்டைகள் காட்டுகின்றன. தலையில் தாரைச் சுமந்து வரிசையாக வருபவர்களுள் பெண்களே மிகுதி. ஒவ்வொரு தாரையும் எண்ணிக் குறிக்கும் கணக்கர் துறையில் நிற்பார். ஒன்பது சீப்பு உள்ள தாரே முழுத் தார் எனக் கொள்ளப்படும், சீப்பு குறைந்தால் விலையும் குறையும். விளக்கொளியில் விடியும்வரை நடந்த அந்த வேலையை அழகான வெப்பநாட்டுக் காட்சியாக விற்ற அஞ்சலட்டைகள், சுமப்பவரின் கூலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உழைப்பவரைக் காட்சியாக்கி உழைப்பை மறைக்கும் அந்தப் பார்வையைச் சுற்றுலாத் தொழில் இன்றுவரை கைவிடவில்லை.

பாலின் தம் முதல் வெற்றியின் தொடர்ச்சியாக, இன்பப் பயணத்துக்கென்றே கட்டுவித்த ‘பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸே’ 1901இல் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. சரக்குக்கோ குடியேறிகளுக்கோ இடம் ஒதுக்காத முதல் உல்லாசக் கப்பலாக அது கருதப்படுகிறது. அக்கப்பலின் முடிவும் ஜமைக்காவிலேயே நிகழ்ந்தது. 1906 டிசம்பர் 16 இரவு, கிங்ஸ்டன் துறைமுகத்தை நெருங்கும்போது கலங்கரை விளக்கத்தைத் தவறாகக் கணித்ததால் கப்பல் பாறையில் ஏறி நின்றது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர், தலைவர் மட்டும் தம் அறைக்குச் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். ஒரு மாதத்துக்குள், 1907 ஜனவரி 14 அன்று, கிங்ஸ்டனை நிலநடுக்கமும் தீயும் அழித்தன. மர்ட்டில் பேங்க் விடுதியும் இடிந்தது. விடுதி மீண்டும் எழுந்தபோது, காலப்போக்கில் அதுவும் பழக் கம்பெனியின் உடைமையாயிற்று.

இந்தத் தொடக்ககாலப் பயணிகள் மணலில் படுத்து வெயில் காய்பவர்கள் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவர்கள் விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து கடற்காற்றை நுகர்ந்தனர், மலைப்பாதைகளில் வண்டியில் சென்றனர், வெயிலுக்குக் குடையும் தொப்பியும் கொண்டனர். வடமேற்குக் கரையிலுள்ள மான்டேகோ பே நகரில் மருத்துவர் அலெக்சாண்டர் மெக்கட்டி 1906இல் தமக்குரிய கடற்கரைப் பகுதியைக் குளியல் சங்கத்துக்கு அளித்ததும், 1920களில் எலும்பு–தசைச் சீராக்கத்தில் பெயர்பெற்ற ஆங்கிலேயர் ஹெர்பர்ட் பார்க்கர் அந்நீரின் குணத்தைப் புகழ்ந்ததும், அதே காலத்தில் வெயிலில் நிறம் மாறிய தோல் ஐரோப்பிய நாகரிகமானதும் சேர்ந்துதான் கடற்கரையைப் பயணத்தின் மையமாக்கின. வாழைத் துறையான போர்ட் அன்டோனியோ பின்தங்கி, வெண்மணல் உள்ள வடமேற்குக் கரை முன்னேறியது இதன் விளைவே.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு, அந்நியக் கொடி ஏந்திய கப்பல்களுக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துத் தந்தது. 1924ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாடு, குடியேறிகளை நம்பியிருந்த அட்லாண்டிக் கப்பல்களை மேலும் காலியாக்கி, அவற்றையும் குளிர்கால இன்பப் பயணங்களுக்குத் தள்ளியது. 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பெருங்கப்பல்களின் பழைய தொழிலே முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு நடந்த கியூபாப் புரட்சியையடுத்து, அமெரிக்கப் பயணிகளின் விருப்ப நகரமான ஹவானாவும் அவர்களுக்கு அடைபட்டது. இன்றைய பயணத்தின் வடிவம் பிறந்தது இந்த இடிபாட்டிலிருந்துதான். பிரிட்டனுக்கும் ஜிப்ரால்டருக்கும் இடையே ஓடுவதற்காகக் கட்டப்பட்டு, அவ்வழி பயன்படாமல் போனதால் வேலையின்றி நின்ற ‘சன்வார்ட்’ என்னும் கப்பலை, டெட் ஏரிசனும் நார்வே நாட்டு நட் க்ளோஸ்டரும் 1966 டிசம்பரில் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு ஓட்டத் தொடங்கினர். 1970இல் ‘சாங் ஆஃப் நார்வே’ வெப்பக் கடல்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டு வந்தது. ஏரிசன் தனியே பிரிந்து 1972இல் தொடங்கிய கம்பெனியின் முதல் கப்பல் ‘மார்டி கிராஸ்’, வேலையிழந்த பழைய அட்லாண்டிக் கப்பல். அது தன் முதல் பயணத்திலேயே மயாமித் துறைக்கு வெளியே மணல்திட்டில் சிக்கி நின்றது. விமானத்தில் மயாமிக்கு வந்து கப்பலேறும் வழக்கம் பரவியபின், பயணத்தின் நீளம் அமெரிக்கத் தொழிலாளியின் ஒரு வார விடுப்புக்குள் பொருந்துமாறு சுருங்கியது.

பயணி தங்குவது கப்பலிலேயே என்றானபின், கரையில் விடுதி வைத்திருக்க வேண்டிய தேவை கப்பல் கம்பெனிகளுக்கு இல்லாமற்போயிற்று. தேவைப்பட்டது கரை மட்டுமே. ஜமைக்காவில் 1956ஆம் ஆண்டின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடலோர நிலத்தின் உரிமையை முடியாட்சியிடம் ஒப்படைத்து, குளிப்பதற்காகக் கரைக்குச் செல்லும் பொது உரிமையை மக்களுக்கு வழங்காமல் விட்டிருந்தது. உரிமம் பெற்ற விடுதிகளின் கரைகளில் உள்ளூர் மக்கள் இறங்க முடியாத நிலை பற்றிய வழக்குகளும் போராட்டங்களும் இன்றும் தொடர்கின்றன. பஹாமாஸில், க்ளோஸ்டரின் கம்பெனி 1977இல் கிரேட் ஸ்டிரப் கே என்னும் சிறு தீவையே தன் பயணிகளுக்கெனக் கையகப்படுத்தியது. பிற கம்பெனிகளும் அவ்வழியைப் பின்பற்றின. பேக்கரின் போர்ட் அன்டோனியோவில் கப்பலும் விடுதியும் ஒரே கையில் இருந்தபோதிலும், தார் விற்ற சிறு விவசாயிக்கும் சுமந்த பெண்ணுக்கும் குறைந்த கூலியாவது கரையில் கிடைத்தது. கம்பெனித் தீவில் உணவும் மதுவும் சாய்வு நாற்காலியும் பெரும்பாலும் கப்பலின் கணக்கிலேயே சேர்கின்றன.