கொட்டியாரக் கரையின் எழுதப்படாத தோம்பு

திருகோணமலைக்குத் தெற்கே, மூதூருக்கும் அப்பால், கழியும் கடலும் கலக்குமிடத்தில் அமைந்த இலங்கைத்துறை முகத்துவாரம், கலிங்க தேசத்திலிருந்து புத்தபிரானின் தந்ததாது கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய துறையென்று பௌத்த மரபில் போற்றப்படுவது. அதற்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவிலேதான், புயலிற் சேதமுற்ற கப்பலைச் செப்பனிட வந்த ஆங்கிலேயராகிய ரொபேட் நொக்ஸ் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டார். தாதுவின் வருகையும் மாலுமியின் சிறைவாசமும் ஏட்டில் ஏறிவிட்டன. தலைமுறை தலைமுறையாய் இக்கரையில் வலை வீசியும் வயல் உழுதும் வாழ்ந்த குடிகளின் வீடு வளவுகளுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

குடிகளின் நிலத்தைப் பதியும் வழக்கம் இந்நாட்டில் பழையது. போர்த்துக்கேயர் தொடங்க, 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் விரிவாக எழுதுவித்த தோம்புகள், காணி இன்னாருடையது, அதில் நிற்கும் பயன்தரு மரங்கள் இத்தனை, அதற்குரியவர் அரசுக்குச் செலுத்தக் கடவ வரியும் ஊழியமும் இவை என்று நுணுக்கமாய்க் கணக்கிட்டன. ஆயினும் அவை ஆள்வோர் தம் பிரயோசனத்துக்காக எழுதியவை. அங்கே குடியிருந்தவன் தன் வீட்டைப் பற்றித் தானே உரைக்க அவற்றில் இடமில்லை.

இக்குறையைக் கலையினால் நிரப்ப முனைந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போதிக்கும் ஓவியர் தா. சனாதனன். 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் 2011இல் வெளிவந்த அவரது நூலில், வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்கள், இழந்த வீட்டை ஞாபகத்திலிருந்து தம் கையாலேயே கீறிய 80 வரைபடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இணையாகக் கட்டடக் கலைக்குரிய முறைப்படி திருத்தி வரைந்த படம் ஒன்றும், ஓவியர் பாஸ்டலில் தீட்டிய சித்திரம் ஒன்றும் உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர், நடுங்கிய கோட்டில் நிற்கும் வீடு அளவுகோலுக்குள் அடங்கியதும் எதை இழக்கிறது என்பதைக் கண்கூடாகக் காணலாம். அந்த நடுங்கிய கோட்டையே நான் மூலப் பத்திரமாகக் கொள்வேன். நூலகப் பட்டியல் அட்டைகளை அடுக்கும் மரப்பேழையில், யுத்தகாலத்துச் சாமானியர் பிழைத்திருக்கச் செய்த எதிர்ப்பின் கதைகளை அட்டை அட்டையாக அவர் அடுக்கிவைத்ததும் இதே நோக்கினாலேயே. யாழ்ப்பாணத்தில் இலங்கைச் சமகாலக் கலைக்கெனத் தோன்றிய ஆவணக்காப்பகத்தை அமைத்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

2006ஆம் ஆண்டு யுத்தத்தில் இக்கொட்டியாரக் கரையிலுள்ள சம்பூர், ஈச்சிலம்பற்று முதலிய ஊர்களின் சனங்கள் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். சம்பூரார் பலர் கிளிவெட்டி முகாமிலும் பிறவிடங்களிலும் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்த பின்னரே, 2015இல் 818 ஏக்கர் நிலம் மீளக் கையளிக்கப்பட்டது. காணி திரும்பலாம், விறாந்தை எப்பக்கம் பார்த்திருந்தது, குசினியிலிருந்து கிணற்றுக்கு எந்த வழி, படலையருகே நின்றது முருங்கையா வேம்பா என்பவற்றைக் காணி உறுதி சொல்லாது. அவற்றை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகையால் இக்கரையிலுள்ள ஆசிரியப் பெருமக்கள், மாணாக்கரை அம்முதியோரிடம் அனுப்பி, பழைய வீட்டை அவர்கள் கையாலேயே வரைவித்து, ஊரும் ஆண்டும் குறித்து, ஒரு பிரதியைப் பாடசாலையில் வைத்து, மற்றொன்றை 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவிற் காத்துவரும் நூலகத் திட்டத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். தாளும் பென்சிலும் இருந்தால் அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம்.