எந்தக் குழந்தை இறந்தது? – கற்கும் சுகாதார அமைப்பும் சாதியும்

ஒரு குழந்தை இறந்தால் அரசின் பதிவேட்டில் ஓர் எண் கூடுகிறது. அடுத்த குழந்தையைக் காப்பாற்ற அந்த எண் பயன்படுகிறதா, எந்தக் குழந்தையைக் காப்பாற்றப் பயன்படுகிறது என்பவையே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்விகள்.

‘கற்கும் சுகாதார அமைப்பு’ என்னும் கருத்து, 2007இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் உலகெங்கும் பரவியது. அதன் பொருள் எளிது. அன்றாடம் அளிக்கும் சிகிச்சையிலிருந்தே தகவல்களைத் திரட்டுவது, எங்கே தவறியது என்று ஆராய்வது, கிடைத்த பாடத்தைச் சிகிச்சை முறையில் சேர்ப்பது, மாற்றம் பலன் தந்ததா என்று மீண்டும் அளப்பது. இந்த நான்கும் ஒரு சுழற்சி. ஒரு கண்ணி அறுந்தாலும் தகவல் கோப்பில் உறங்கிவிடும்.

கட்சிரோலி காட்டிய வழி

இது மேலைநாட்டுக் கணினிகளுக்கு மட்டுமே உரிய வித்தை அன்று. பழங்குடி மக்கள் மிகுந்து வாழும் மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் 1990களிலேயே இதைச் செய்து காட்டினர். பச்சிளங் குழந்தைகளின் இறப்பை ஊர் ஊராகக் கணக்கெடுத்தனர். தொற்று, மூச்சுத்திணறல், குறைமாதப் பிறப்பு ஆகியவையே உயிர்களைப் பறிப்பதையும், பெரும்பாலான இறப்புகள் வீட்டிலேயே நிகழ்வதையும் கண்டனர். எனவே அந்தந்தக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்து, வீடுதேடிச் சென்று கவனிக்கச் செய்தனர். மூன்றாம் ஆண்டில், இத்திட்டம் நடந்த 39 கிராமங்களில் பச்சிளங் குழந்தை இறப்பு 1,000 பிறப்புக்கு ஏறத்தாழ 25ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக் கிராமங்களில் அது 60ஐ ஒட்டியே நின்றது. 1999இல் ‘லான்செட்’ இதழ் இம்முடிவுகளை வெளியிட்டது. 2011 முதல் ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்லும் நாடு தழுவிய திட்டத்திற்கு இதுவே முன்னோடி. விளிம்பில் வாழும் மக்களிடமிருந்து நாடு கற்றுக்கொண்ட அரிய தருணம் அது.

சராசரி மறைப்பது

2015–16ஆம் ஆண்டின் நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 1,000 பிறப்புக்கு ஓராண்டு நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் பட்டியல் சாதியினரிடையே 45.2, பழங்குடியினரிடையே 44.4, பிற்படுத்தப்பட்டோரிடையே 42.1, இப்பிரிவுகளில் சேராதோரிடையே 32.1. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே 13 உயிர்கள். வறுமை, தாயின் கல்வி, குடிநீர், கழிப்பிடம் எனப் பல காரணங்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பங்கிட்டதிலும் சாதிக்குக் கை உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

ஆயினும் இவ்வாய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த நேரத்தில், எதனால் உயிர் போனது என்பதை அது சொல்லாது. மாதிரிப் பதிவு முறைத் தகவலேடோ மாநிலம், ஊரகம்–நகரம், ஆண்–பெண் என்றே பிரிக்கிறது. 2020இல் தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் 13. இந்திய அளவு 28. பெருமைக்குரிய எண்தான். அந்த 13க்குள் சேரிக் குழந்தைகளின் பங்கு என்ன? தகவலேட்டில் விடை இல்லை.

கதவும் கையும்

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைய விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் கதவு திறந்த பிறகும் தீண்டாமை தொடர முடியும். பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடமே கேட்டு நடத்தி 2010இல் வெளியான ஆய்வு இதைப் பதிவு செய்தது. நோயாளியைத் தொடுவதில், மருந்து தருவதில், பேசும் சொல்லில், செலவிடும் நேரத்தில் பாகுபாடு இருந்தது. தொடாமல் பார்த்த மருத்துவம் எப்படி நோயைக் கண்டறியும்? இவ்வகைப் புறக்கணிப்பு வழக்காக மாறுவது அரிது. ஆகவேதான் சட்டத்தோடு, தன் தவற்றைத் தானே தேடும் சுகாதார அமைப்பும் தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியவை

அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு 1994 முதல் பேறுகாலத் தாய் இறப்புகளைத் தணிக்கை செய்து வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பை ஆய்வு செய்ய 2014இல் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. இவற்றின்மேல் நாம் கோருவன நான்கு.

முதலாவது, குழந்தை இறப்பு ஆய்வின் முடிவுகளைச் சமூகப் பிரிவுவாரியாக மாவட்டந்தோறும் வெளியிட வேண்டும். இரண்டாவது, நோயின் பெயரோடு ஆய்வு நின்றுவிடக் கூடாது: செவிலியர் குடியிருப்புக்குள் வந்தாரா, ஊர்தி எப்போது வந்தது, எத்தனை மருத்துவமனைகளுக்கு அலைக்கழிக்கப்பட்டனர், ஊழியர் எப்படி நடத்தினர் என்பவற்றையும் பெற்றோரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது, ஆய்வுக் குழுவில் அக்குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்கள் இடம்பெற வேண்டும். நான்காவது, என்ன மாற்றப்பட்டது, அதனால் என்ன விளைந்தது என்பதைப் பெயர்களை வெளியிடாமல் கிராமசபையில் வைக்க வேண்டும்.

மாற்றம் என்பது சில வேளைகளில் ஒரு கட்டடத்தின் இடமாகவும் இருக்கலாம். அங்கன்வாடிகளை அமைக்கையில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு, அதைக் கேட்டுப் பெறும் உரிமையையும் அந்த ஆணை தந்தது.

இரண்டு எச்சரிக்கைகள்

எண்ணினால் மட்டும் இடைவெளி மூடிவிடாது. அமெரிக்கா இனவாரியாகச் சிசு இறப்பை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஆயினும் 2022இல் அங்கே 1,000 பிறப்புக்குக் கறுப்பினக் குழந்தைகள் 10.9, வெள்ளையினக் குழந்தைகள் 4.5 என்ற அளவில் இறந்தனர். சுழற்சியின் மற்றக் கண்ணிகளும் வலுவாக வேண்டும் என்பதே இதன் பாடம்.

சாதித் தகவல் படுக்கையருகே தொங்கும் அட்டையாக மாறினால் அது புதிய தீண்டாமை ஆகும். அத்தகவல் ஆய்வுக்கு மட்டுமே பயன்பட வேண்டும். சிகிச்சை அறைக்குள் நுழையக் கூடாது. ‘இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று தாயின்மீது பழிபோடும் சான்றாகவும் அது மாறக் கூடாது. விசாரிக்கப்பட வேண்டியது அமைப்பே, தாயன்று.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்குக் கிடைக்க வேண்டிய ஓய்வை நாட்டின் நலனாகவே கண்டார். குழந்தையின் உயிரும் அவ்வாறே. சேரியில் ஒரு குழந்தை இறந்த பிறகு சுகாதார அமைப்பு எதைக் கற்றது என்று கேட்கும் உரிமை அக்குழந்தையின் தாய்க்கு உண்டு. அதற்கு விடை சொல்லும் கடமை அரசுக்கு உண்டு.