பங்கோருக்குப் போன லாரி

தேயிலை ஏற்றுகிற லாரியில்தான் போனோம். 1974 ஆகஸ்டு, பள்ளி விடுமுறை. சனிக்கிழமை சாயங்காலமே லாரியைக் கழுவிக் காயவிட்டு, தரையில் சாக்கு விரித்து, அதன்மேல் பாய் போட்டிருந்தார்கள். எவ்வளவு கழுவியும் தூள் வாசம் போகவில்லை. பெண்கள் கொழுந்துக் கூடைகளையே எடுத்துவந்து, புளிச்சோற்றுச் சட்டி, அவித்த முட்டை, மாற்றுத் துணி என்று அடுக்கினார்கள். திங்கள் முதல் சனி வரை முதுகில் தொங்கிய கூடை அன்றைக்குச் சோறு சுமந்தது. இரவு இரண்டு மணிக்கு, பனிமூட்டத்தில் விளக்கு ஐந்தடிக்குமேல் தெரியாத நேரத்தில், ரிங்லெட்டைத் தாண்டி தாப்பா சாலையில் இறங்கினோம். வளைவுக்கு வளைவு யாராவது ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. ஓர் எலுமிச்சம்பழம் லாரி முழுக்கக் கைமாறிக்கொண்டே வந்தது.

எனக்குப் பத்து வயது. அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் என் வயதுப் பிள்ளைகள் ஒருவரும் பார்த்ததில்லை.

இந்த ஒருநாள் பயணத்துக்காக ஒரு வருடமாகக் கூட்டு போட்டிருந்தார்கள். மாதம் வீட்டுக்கு இரண்டு வெள்ளி. பணத்தை வைத்திருந்தவர் என் அப்பா. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. பிஸ்கட் டின்னில் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். அப்பாவைப் பெற்ற அப்பாயி மட்டும் கடைசிவரை காசு கொடுக்கவில்லை. அவர் பங்கையும் அம்மாதான் போட்டார்.

எங்கள் தோட்டம் இருந்த கேமரன் மலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அநேகமாக 1885-இல் வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனில் தொடங்குவார்கள். 1967-இல் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் அங்கே காணாமல் போன கதையோடு முடிப்பார்கள். நடுவில் 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் சூட்டிலிருந்து தப்பி இளைப்பாற ஏற்ற இடம் என்று முடிவு செய்தது வரும். 1929-இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை பயிரிட்ட மில்ன் என்பவரோடு சேர்ந்து 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது வரும். தாப்பாவிலிருந்து சாலை 1931-இல் திறந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு 1934-இல் விடுதிப் பள்ளி. 1937-இல் ஸ்மோக் ஹவுஸ் விடுதி. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த விவரங்களின் ஊடே ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் படித்ததில்லை. ஊரெல்லாம் விடுமுறைக்கு வருகிற மலையில், வருடம் முழுக்க வேலை செய்தவர்கள் விடுமுறைக்கு எங்கே போனார்கள்?

வெகுகாலம் எங்கேயும் போகவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் வயிற்றுக்கே வழியில்லை. அதற்குப் பிறகு 1948-இல் அவசரகாலம் வந்தது. தாப்பா சாலையில் பட்டாளத்துக் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகவேண்டிய காலம் அது. காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது கடற்கரையை யார் நினைப்பார்கள்? 1960-இல் அவசரகாலம் முடிந்தது. தொழிற்சங்கமும் சட்டமும் சேர்ந்து சம்பளத்தோடு விடுமுறை என்பதைக் கொண்டுவந்தன. அதன் பிறகுதான் எங்கள் ஆட்கள் மலையிலிருந்து இறங்கி, வேலைக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் அல்லாமல், சும்மா ஓர் இடத்தைப் பார்த்துவரப் போகலாம் என்று நினைக்கத் தொடங்கினார்கள். சும்மா போவது என்பது பெரிய காரியம். அதை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

லூமுட்டில் விடிந்து எட்டு மணிக்கு இறங்கினோம். மலையில் போட்ட சுவெட்டரோடு இறங்கிய எங்களை வெக்கை அறைந்தது. பிள்ளைகள் சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு படகுத் துறைக்கு ஓடினோம். எல்லாரும் ஏறிவிட்டார்கள். அப்பாயி மட்டும் ஏறவில்லை. துறையின் மரத்தூணைப் பிடித்துக்கொண்டு, எதிரே பச்சையாகத் தெரிந்த பங்கோர் தீவைப் பார்த்தபடி, அப்பாவிடம் கேட்டார்:

"எத்தன நாளு வெச்சிருப்பாங்கடா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அம்மாதான் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தார்.

அப்பாயி மன்னார்குடிப் பக்கம். 1937-இல் ஆள்சேர்க்க வந்த கங்காணி ஒருவர் பேச்சை நம்பி, கட்டிய புருஷனோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். அடுத்த வருடம், 1938 ஜூன் மாதம், மலாயாவுக்கு உதவிச்செலவில் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. அந்தக் கதவு சாத்துவதற்கு முன்னால் நுழைந்த கடைசிக் கூட்டத்தில் அப்பாயி ஒருவர். பினாங்கில் கப்பல் நின்றதும் ஊருக்குள் விடவில்லை. மேல்தட்டில் வந்த கூலியாட்களை ஜெரஜாக் தீவில் இறக்கினார்கள்.

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தீவு ஜெரஜாக். நோய்த்தடுப்பு முகாம் அங்கேதான் இருந்தது. தொழுநோயாளர்களை ஒதுக்கி வைத்ததும் அதே தீவில். மலாயாவுக்கு வந்த எத்தனையோ தமிழர்கள் இந்த நாட்டில் முதன்முதலில் கால் வைத்த மண் அதுதான். 1969-இல் அதைச் சிறையாக்கினார்கள். 1993 வரை சிறையாகவே இருந்தது. அப்பாயி அங்கே எட்டு நாள் இருந்தார். கட்டியிருந்த சேலையை வாங்கி ஆவியில் போட்டுச் சுருட்டிக் கொடுத்ததையும், நீளக் கொட்டகையில் சிமெண்டுத் தரையில் படுத்ததையும், தட்டை நீட்டி வரிசையில் நின்றதையும் எப்போதாவது சொல்வார். பிறகு ரயிலில் தாப்பா ரோடு, அங்கிருந்து லாரியில் மேலே. முப்பத்தேழு வருடம் அவர் மலையைவிட்டுக் கடல் பக்கம் போனதே இல்லை. தீவு என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே தீவு. அங்கே ஆட்களை வைத்திருப்பார்கள். அவர்களாக விடும்போதுதான் வெளியே வரலாம்.

இன்னொரு பயமும் அவருக்குள் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. 1968-இல் வந்த சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்றது. 1969-க்குப் பிறகு தோட்டம் தோட்டமாக ஆட்கள் பெட்டி கட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வந்த வழியே கப்பலேறித் திரும்பினார்கள். எங்கள் லயத்திலேயே இரண்டு வீடு காலியானது. அந்த நினைவு ஆறாத நேரத்தில், வீட்டார் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு துறைக்குக் கூட்டிவந்து படகில் ஏறு என்றால், அவர் மனசு எதை நினைத்திருக்கும்?

"இது அந்தத் தீவு இல்ல அத்தை. சாயங்காலம் திரும்பிரலாம்" என்றார் அம்மா. அப்பாயி படகின் நடுவில், யாரோடும் பேசாமல், கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் இறங்கி, கடலைப் பார்த்து இருக்கும் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். மாசி மகத்தன்று லூமுட்டிலிருந்து படகு படகாகச் சனம் வந்து நிறைகிற கோயில். நாங்கள் போன நாளில் ஆளே இல்லை. அப்பாயி சூடம் ஏற்றிக் கும்பிட்டார். அங்கே திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அம்மன் இருக்கிற தீவில் ஆட்களைப் பூட்டி வைக்க மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

தீவின் மேற்குப் பக்கம் பாசிர் போகாக். மணலைப் பார்த்ததும் ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள். பெண்கள் சேலையோடே இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் அம்மா "ஸ்ஸ்" என்று கையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சித்தியும் தூக்கினார். பார்த்தால் அத்தனை பெண்களும் இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கொழுந்து கிள்ளுகிற விரல் எப்போதும் கறையேறிக் கறுத்திருக்கும். குளிரில் நுனி வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் மிளகாய் அரைத்த கைபோல எரியும். மலையில் பிறந்து வளர்ந்த அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

கரையில் உட்கார்ந்திருந்த அப்பாயிதான் எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நேராகத் தண்ணீரில் இறங்கி, தன் இரண்டு கையையும் முழங்கை வரை அமுக்கினார். எரிந்திருக்கும். முகத்தில் காட்டவில்லை.

"உள்ள விடுங்கடி. கொஞ்ச நேரம் எரியும். உப்புத் தண்ணிதான் ஆத்தும்."

ஒருவர் பின் ஒருவராகக் கையை இறக்கினார்கள். பிறகு அவர் ஈர மணலை அள்ளி அம்மாவின் விரலைத் தேய்த்துவிட்டார். கறை கொஞ்சம் வெளுத்தது. அன்றைக்கு மதியம் வரை அப்பாயி தண்ணீரைவிட்டு ஏறவில்லை.

பின்னாளில் நான் ஆசிரியை ஆன பிறகு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதே தீவுக்குப் போயிருக்கிறேன். தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயம் சேர்த்துவைக்கக் கட்டிய கோட்டையைக் காட்டுவேன். 1874 ஜனவரி 20-ஆம் நாள், இந்தத் தீவை ஒட்டி நின்ற புளூட்டோ என்ற கப்பலில் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையைச் சொல்வேன். ராஜா அப்துல்லாவைப் பேராக்கின் சுல்தானாக ஏற்று, அதற்கு ஈடாக ஆங்கிலேய ரெசிடெண்டை அமர்த்திக்கொண்டார் ஆளுநர் ஆண்ட்ரு கிளார்க். பங்கோரும் டிண்டிங்ஸ் பகுதியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1935-இல்தான் பேராக்குக்குத் திரும்பின. அந்த ஒரு கையெழுத்தில் மலாய் மாநிலங்களுக்குள் வெள்ளைக்காரன் கால் ஊன்றினான். அதன் பின்னால் ரயில், ரப்பர், கங்காணி, எங்கள் மலையில் தேயிலை. அப்பாயி மன்னார்குடியிலிருந்து கிளம்பியதற்கு மூலகாரணம், அவர் 1974-இல் கை நனைத்த அதே கடலில் சரியாக நூறு வருடம் முன்பு நடந்தது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

திரும்புகிற வழியில் எல்லா வீட்டுக்கும் நெத்திலி வாங்கினார்கள். பங்கோர் நெத்திலிக்கு ஈடு கிடையாது. படகில் வைத்தே அவித்துக் கரையில் காயப்போடுவார்கள். கூடைகளில் காலையில் சோறு இருந்த இடத்தில் கருவாடும் நெத்திலியும் ஏறின. லாரியில் தேயிலை வாசம் ஒருபக்கம், கருவாட்டு வாசம் ஒருபக்கம். அதற்குப் பிறகு இரண்டு மாதம், பனி இறங்குகிற சாயங்காலங்களில் லயத்து அடுப்புகள் எல்லாவற்றிலும் நெத்திலி வறுபடும்.

இன்று அந்த லயத்தில் எங்கள் ஆட்கள் சில வீடுகளே மிச்சம். கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசியப் பையன்கள். விரலுக்குப் பதில் கத்திரியும் இயந்திரமும். போன தடவை நான் போனபோது ஒரு வங்காளதேசத்துப் பையன் மலாயில் கேட்டான்: இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம், லீவு நாளில் போய் வரமுடியுமா? வழியையும் படகு நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

1975-லும் போனோம். அந்த வருடம் கூட்டுக்கு முதல் ஆளாகப் பணம் கொடுத்தது அப்பாயி. லூமுட் துறையில், அவரோடு கொழுந்து எடுத்த இன்னொரு கிழவி படகைப் பார்த்துத் தயங்கி நின்றார். அப்பாயி ஏற்கனவே ஏறி, படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கையை நீட்டினார்:

"வா, பயப்படாத. சாயங்காலமே விட்டுருவாங்க."