‘மொத்தத்தில்’ என்னும் சொல்லும் ஒரு தாயின் மாதச் செலவும்

மணவாழ்வை விட்டு வெளியேறிய பெண், பிள்ளைகளோடு எதைக் கொண்டு வாழ்ந்தாள்? நம் சமூக வரலாற்று நூல்கள் இக்கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. மணவிலக்கு உரிமையைப் பற்றிய விவாதங்கள் ஏராளம். விலகிய மறுமாதத்து வாடகையைப் பற்றிய எழுத்தோ மிகக் குறைவு. விடையின் ஒரு பகுதி ஜீவனாம்ச வழக்குகளின் தீர்ப்புகளில் கிடக்கிறது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவு இருந்தது. வசதியுள்ளவன் மனைவியையோ பிள்ளையையோ பராமரிக்க மறுத்தால், மாதந்தோறும் பணம் தருமாறு நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். குடும்ப விவகாரம் குற்றவியல் சட்டத்தில் ஏன் இடம்பெற்றது? ஆதரவற்றோர் தெருவுக்கு வருவதைத் தடுப்பதே காலனிய அரசின் நோக்கம். இதற்கு முந்திய 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுத்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இதை மறைக்கவுமில்லை. ஆகவே தொகை பசியாற்றும் அளவோடு நின்றது; பிள்ளையின் படிப்போ அவளுடைய பழைய வாழ்க்கைத் தரமோ கணக்கில் வரவில்லை.

அப்பிரிவில் வேறொரு முட்டுக்கட்டையும் இருந்தது. மணவிலக்குப் பெற்றவள் ‘மனைவி’ அல்லள் என்பதால் அவளுடைய கோரிக்கை அத்துடன் முடிந்தது. பிள்ளைகளின் உரிமை மட்டும் எஞ்சியது. உணவு வேண்டுமெனில் கசந்த உறவின் பெயரளவிலாவது தங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். 1973ஆம் ஆண்டின் புதிய சட்டம், மறுமணம் செய்யாத மணவிலக்குப் பெற்ற பெண்ணையும் ‘மனைவி’ என்னும் சொல்லுக்குள் சேர்த்த பிறகே, 1974 ஏப்ரல் முதல் இந்நிலை மாறியது.

தொகையின் வரலாறு இதைவிடக் கசப்பானது. 100 ரூபாயாக இருந்த உச்சவரம்பு 1955இல் 500 ஆயிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் அதே 500ஐ வைத்துக்கொண்டது. சில மாநிலங்கள் தாமாகத் திருத்தம் செய்து உயர்த்தியபோதும், மத்தியச் சட்டத்தில் அவ்வரம்பு 2001 வரை நீடித்தது. 46 ஆண்டுகளில் அரிசியும் வாடகையும் எங்கோ சென்றுவிட்டன. 500 மட்டும் அசையவில்லை.

அதோடு ‘மொத்தத்தில்’ என்னும் சொல்லும் சேர்ந்திருந்தது: மொத்தத்தில் 500க்கு மேற்படாமல். யாருடைய மொத்தம்? தாய்க்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தா, ஒவ்வொருவருக்குமா? இரண்டு பிள்ளைகளுள்ள ஒருத்திக்கு இவ்வையத்தின் விலை மாதம் 1000 ரூபாய். ரமேஷ் சந்தர் கௌஷல் – வீணா கௌஷல் வழக்கில் கணவர் தரப்பு இதைத்தான் பற்றிக்கொண்டது. மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக விதிக்கப்பட்ட 1000 ரூபாய் சட்டத்தை மீறியது என்று வாதிட்டது. 1978இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொருவரின் உரிமையும் தனித்தனி. ‘மொத்தத்தில்’ என்பது ஒருவருக்குரிய பல்வகைச் செலவுகளின் கூட்டுத்தொகையையே குறிக்கும் என்றார். பிள்ளை பிறந்தால் செலவு கூடும் என்னும் எளிய உண்மை உச்சநீதிமன்றம் வரை சென்று நிலைபெற வேண்டியிருந்தது.

வரம்பு 500 என்பதால் 500 கிடைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தூரின் ஷா பானோ வழக்கை அறியாதார் இல்லை. ஆனால் அதன் தொகை பலருக்கு நினைவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 ரூபாய் வருமானமுள்ள வழக்கறிஞரான கணவரிடம் அவர் கேட்டது மாதம் 500. நடுவர் 1979இல் அளித்தது 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்ததும் அதே தொகையைத்தான். அவருடைய பிள்ளைகள் அப்போது வளர்ந்தவர்கள். கைக்குழந்தையோடு வந்தவளுக்கு 25 ரூபாய் எத்தனை நாளுக்குப் பால் வாங்கியிருக்கும்?

உத்தரவு கையில் இருந்தாலும் பணம் வந்துவிடாது. நிலுவையை வசூலிக்க ஓராண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். தவறினால் அம்முறையில் கேட்க இயலாது. தராதவரைச் சிறையிடலாம், ஆனால் சிறையிலிருப்பவரின் பணம் அடுப்பை எரிப்பதில்லை.

தானே சம்பாதித்த தாய்க்கும் தடை காத்திருந்தது. 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் 9 சதவீதக் கடன்பத்திரங்களுக்கு விண்ணப்பித்தார். பாதுகாவலராகத் தாய் கையெழுத்திட்டது போதாது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பியது. காரணம், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம்: இயற்கைப் பாதுகாவலர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய். ‘பின்’ என்பது இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது. தந்தை பொறுப்பில் இல்லாதபோதும் பொருந்தும் என 1999 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் விளக்கியது. தந்தை பெயரின்றி நிரந்தரக் கணக்கு எண் அட்டை பெற, தனித்து வளர்க்கும் தாயின் பிள்ளை 2018 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

வரம்பு நீங்கிய பின் சிக்கல் வேறிடத்துக்கு நகர்ந்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டும் கணவரிடம், அவர் உண்மையில் எவ்வளவு ஈட்டுகிறார் என்பதை அவள்தான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் ரஜ்னீஷ் – நேஹா தீர்ப்பு, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது; ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் கூறியது. அதுவரை மனுவுக்கும் உத்தரவுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் சோற்றுச் செலவை யார் தாங்கியிருப்பார்கள் என்பது பல தீர்ப்புகளில் ஒரு வரியாகக்கூட இல்லை.